பாத்திரம் கழுவும் அத்தியாயங்கள்

அந்த வீட்டில் பாத்திரங்கள் எப்போதும் பளபளவென்று இருக்கும். வீட்டுக்காரி அவ்வளவு சுத்தம் பார்க்கிறவள் என்று யாராவது நினைத்தால், அது அவளுக்குச் சேர வேண்டாத பெருமை. அவள் எழுதிய நாவல்களில் படுக்கையறைக் காட்சிகள் அதிகம். பாத்திரம் பளபளத்ததற்குக் காரணம் அதுதான்.

இதை விளக்கித்தான் ஆக வேண்டும்.

அவள் எழுதியது ஹாக்கிக் காதல் நாவல்கள். புல்தரையில் ஆடுகிற ஹாக்கி இல்லை. உள்ளரங்கில், உறைந்த பனித்தளத்தின் மேல், காலணிக்கு அடியில் கத்தி பொருத்திக்கொண்டு வழுக்கிப் பாய்ந்து ஆடுகிற ஹாக்கி. பந்துக்குப் பதில் ஒரு கறுப்பு ரப்பர் வட்டு. கதாநாயகன் எப்போதும் ஆட்டக்காரன்தான். அகன்ற தோள், உடைந்து ஒட்டிய மூக்கு, யாரிடமும் சொல்லாத ஒரு சோகம். முதல் சில அத்தியாயங்களுக்கு அவனும் நாயகியும் முறைத்துக்கொள்வார்கள். அப்புறம் யாராவது ஒருவருடைய சட்டை கழன்றுவிடும். இதையெல்லாம் இலக்கியம் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவளே முதலில் சிரித்திருப்பாள். ஆனால் பேருந்திலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் அலுவலகக் கழிப்பறையிலும் உட்கார்ந்து ஏராளமான பெண்கள் கைபேசியில் அவளைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுடைய புனைபெயரை இங்கே சொல்லப்போவதில்லை. மாடியில் குடியிருக்கும் நாத்தனாருக்கு அது தர்மசங்கடம். அந்த நாவல்களில் ஒரு வரிகூடப் படித்ததில்லை என்று நாத்தனார் சத்தியம் செய்வாள். எந்தப் பாகத்தில் எந்தக் கதாநாயகனுக்கு எந்த இடத்தில் மச்சம் என்பது மட்டும் அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கும்.

ஹாக்கியைப் பற்றி எழுத்துக்காரிக்குத் தெரிந்ததெல்லாம் கணவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. அவர் பழைய ஆட்டக்காரர். நகரக் குழுவில் தடுப்பு வரிசையில் நின்றவர். 'சுவர்' என்றால் அரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த விளையாட்டில் ஒரு வினோதம் உண்டு. சண்டை போடுவதற்கென்றே குழுவுக்கு ஒருவர் இருப்பார். எதிரணிக்காரன் நம் ஆளை இடித்துத் தள்ளிவிட்டால், கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அவனோடு கைகலப்பது அவர் பொறுப்பு. நடுவர்களும் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் விலக்குவார்கள். சுவர் செய்தது அந்த வேலை. போட்ட கோல் சொற்பம், வாங்கிய குத்து ஏராளம். நினைவு தப்பி விழுந்து, முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பப்பட்டு, அதே ஆட்டத்தில் மறுபடி இறங்கியிருக்கிறார். அந்தக் காலத்தில் அதைத் தைரியம் என்றார்கள். அவரும் அப்படித்தான் நம்பினார்.

வீட்டில் அவரைப் போல ஒரு சாதுவைப் பார்க்க முடியாது. கரப்பான்பூச்சி எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுகிற மனிதர்.

இருவரும் சந்தித்ததே ஒரு கூத்து. அவள் அப்போது அரங்கத்தின் டிக்கெட் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு சாயங்காலம் ஆறடி உயரத்தில் ஒரு ஆள் பெரிய பையோடு ஓடிவந்து, "கார்டை வீட்ல வெச்சுட்டேன், உள்ள விடச் சொல்லுங்க, நான் ஆடணும்" என்றான். தினம் பத்துப் பேர் அப்படிச் சொல்லிக்கொண்டு வருவார்கள் என்று அவளை ஏற்கனவே எச்சரித்து வைத்திருந்தார்கள். "ஆடுறதா இருந்தாலும் பாடுறதா இருந்தாலும் டிக்கெட் வேணும்" என்றாள். அவன் வாதாடவில்லை. தன் ஆட்டத்துக்குத் தானே டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனான். ஆட்டம் முடிந்து, உதடு கிழிந்து, கண் வீங்கி, திரும்பக் கவுண்டருக்கு வந்து டிக்கெட்டை நீட்டினான். "நான் உட்கார்ந்து பாக்கவே இல்ல. காசத் திருப்பிக் குடுங்க." அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவள் பெயர் 'டிக்கெட்டு'. கல்யாணம் ஆன பிறகும் டிக்கெட்டுதான். "பொண்டாட்டியக் கூப்பிடுற அழகப் பாரு" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொள்வாள். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தக் கூப்பாடு ஒன்றுதான் காலையிலிருந்து இரவு வரை கேட்டுக்கொண்டிருக்கும்.

எத்தனையோ நாவல் எழுதினாள். அந்த டிக்கெட் கதையை மட்டும் எதிலும் வைக்கவில்லை. அது விற்பனைக்கு இல்லை என்று தனக்குள் ஒரு தீர்மானம்.

எழுதுகிற முறை இப்படி. காலையில் எழுதுவாள். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் சமையலறை மேஜையில் அவர் எதிரே உட்கார, எழுதியதைச் சத்தமாகப் படிப்பாள். அவர் கையில் ஒரு தேக்கரண்டி இருக்கும். ஆட்டத்தைப் பற்றி ஏதாவது தப்பாக வந்தால் கரண்டியால் மேஜையில் ஒரு தட்டு. "தப்பு. அந்த நேரத்துல அவன் அங்க நிக்க மாட்டான்." அவள் திருத்திக்கொண்டு மேலே படிப்பாள். படுக்கையறைக் காட்சி ஆரம்பிக்கிற வாடை வந்ததும் அவர் எழுந்துவிடுவார். தட்டு, டம்ளர், வாணலி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டுக் கழுவ ஆரம்பிப்பார். அவள் வேண்டுமென்றே குரலை உயர்த்திப் படிப்பாள். அவர் குழாயை இன்னும் திருகுவார். காட்சி நீளமாக இருந்தால் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவார். பின்னாலிருந்து பார்த்தால் காதுமடல் இரண்டும் சிவந்திருக்கும். கடைசியில் அவள் "முடிஞ்சிருச்சு, வாங்க" என்று கூப்பிடுவாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி கரண்டியை எடுத்துக்கொள்வார்.

அவளுடைய வாழ்க்கையில் சந்தோஷம் என்று எதையாவது சுட்டிக்காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டியிருப்பாள்.

கெட்டது எப்போது தொடங்கியது என்று அவளுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணமும் இந்தப் பழக்கம்தான். சாவியைத் தேடுவது, அடுப்பை அணைக்க மறப்பது எல்லாம் எந்த வீட்டில் இல்லை? மேஜையில் அவர் எதிரே உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்த வரை அவளுக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. கரண்டித் தட்டு குறைந்தபோது, தான் ஹாக்கியை நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டதாக நினைத்து உள்ளூரப் பெருமைகூடப் பட்டாள்.

அப்போது அவளுக்குப் பேர் வாங்கிக்கொடுத்துக்கொண்டிருந்தது ஒரு தொடர் நாவல். ஒரு குழு, அதன் கேப்டன், குழுவுக்கு வைத்தியம் பார்க்க வரும் டாக்டரம்மா. டாக்டரம்மா உயரம், கூரிய நாக்கு, எப்போதும் சில்லென்ற விரல்கள். அவளைப் பற்றி வாசகிகள் சொந்தத் தங்கச்சியைப் பற்றிப் பேசுவது போலப் பேசினார்கள். அந்தத் தொடரின் ஒரு பாகம் வெளியான அன்று சாயங்காலமே வாசகிகள் கூட்டமாகச் சிரிக்க ஆரம்பித்தார்கள். சண்டை போட்டதற்காகக் கேப்டனைத் தண்டனைப் பெட்டியில் உட்கார வைத்திருக்கிறார்கள். நேரம் முடிகிறவரை அந்தப் பெட்டியை விட்டு வெளியே வரக்கூடாது, அதுதான் விதி. அடுத்த பத்தியில் அதே கேப்டன் பனித்தளத்தின் மறுகோடியில் கோல் போடுகிறான். அவள் ஒரு பத்தியை இடம் மாற்றி ஒட்டியதில் நடந்த குளறுபடி அது. "எங்க ஆளு பெட்டிக்குள்ள இருந்தே கோல் போடுவாரு", "மட்டை அவ்வளவு நீளமாக்கா" என்று ஒரே கிண்டல். மட்டை நீளத்தைப் பற்றிய கிண்டல் எங்கெங்கோ போயிற்று. அதை இங்கே எழுத வேண்டாம்.

அவள் சிரிக்கவில்லை. அந்த அத்தியாயத்தை அவருக்கு முழுக்கப் படித்துக் காட்டியிருந்தாள். பாதி வாழ்க்கையைத் தண்டனைப் பெட்டியில் கழித்த மனிதர் அவர். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். தட்டவில்லை.

மறுநாள் மத்தியானம் வேண்டுமென்றே அபத்தமாக ஒன்றை எழுதிப் படித்தாள். கோல்காப்பாளர் மட்டையை வீட்டில் மறந்துவிட்டு வந்து குடையால் ஆடுவதாக. அவர் தலையாட்டினார். "நல்லா இருக்கு" என்றார். அவள் காகிதத்தை மடக்கி வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்தார்கள். பெரிய டாக்டர் ஒளிப்பலகையில் படத்தை மாட்டி, பென்சில் முனையால் அங்கங்கே தொட்டு, ஆட்டத்தில் வாங்கிய அடிகள் ஒவ்வொன்றும் உள்ளே எதையோ விட்டுவிட்டுப் போயிருக்கிறது என்றார். திரும்பி வராது, மெதுவாகப் போகும், எவ்வளவு மெதுவாக என்று சொல்ல முடியாது. கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, வேறு யாருடைய படத்தையோ பார்க்கிற மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே மருந்துச் சீட்டுக்காகக் காத்திருந்தபோது, நர்ஸ் ஒருத்தி மேஜைக்கடியில் கைபேசியை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அட்டைப்படம் எழுத்துக்காரிக்குத் தெரியாமல் போகுமா? பேச்சுக் கொடுத்தாள். நர்ஸுக்குக் குஷி பிறந்துவிட்டது.

"நீங்களும் படிப்பீங்களா? இதுல கேப்டனுக்குத் தலைல அடிபடும் பாருங்க, டாக்டரம்மா ராத்திரி பூரா கையப் புடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. அந்த சீன எத்தன தடவ படிச்சேன்னு கணக்கே இல்ல."

"இங்க தலைல அடிபட்டவங்கள நீ தினம் பாக்குறியே" என்றாள் எழுத்துக்காரி.

நர்ஸ் ஒரு கணம் அவளைப் பார்த்தாள். "அதான் படிக்கிறேன்" என்றாள்.

அவளுடைய எல்லா நாவலிலும் கதாநாயகனுக்குத் தலையில் அடிபடும். வாசகிகளுக்கு அது வேண்டும். அடுத்த அத்தியாயத்தில் அவன் கண் விழித்து நாயகியின் பெயரைச் சொல்வான். அந்த அடிகளை அவள் எங்கிருந்து எடுத்தாள்? மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரிடமிருந்து. "நெனவு தப்பும்போது எப்படி இருக்கும்?" என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். அவர் யோசித்து, பொறுமையாகச் சொன்னார். முதலில் சத்தம் போய்விடும், அப்புறம் வெளிச்சம் பால் மாதிரி ஆகிவிடும் என்று. எவ்வளவு அழகாகச் சொல்கிறார் என்று பூரித்துப் போனவள் அவள். அதை நினைத்தபோது தன் கையைத் தானே வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

படித்துக் காட்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்த மேஜையில் வேறு என்ன இருக்கிறது? கரண்டியையும் வழக்கம்போல அவர் கையில் கொடுத்தாள். ஒரு நாள் மத்தியானம் கேப்டனும் டாக்டரம்மாவும் மழையில் நனைந்து ஒரு அறைக்குள் நுழைகிற காட்சி வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. அவள் குரல் தடுமாறியது. நிமிர்ந்து பார்த்தாள். அவர் இரண்டு கையையும் மேஜைமேல் வைத்து, கண் எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அந்த மாதிரி ஒரு காட்சியை அவர் முகத்துக்கு நேரே அவள் படித்ததில்லை. அவளுக்குத்தான் இப்போது காது சிவந்தது. முடித்ததும் அவர் கேட்டார்.

"டாக்டரம்மா இப்ப எங்க இருக்கா?"

"எந்த டாக்டரம்மா?"

"எங்க டாக்டரம்மா" என்றார், கொஞ்சம் எரிச்சலோடு. தெரியாத மாதிரி கேட்கிறாளே என்று.

அதற்குப் பிறகு மெல்ல மெல்ல அவர் கேப்டனாகிவிட்டார். தான் போட்ட கோல்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். எல்லாம் அவள் போட வைத்த கோல்கள். மாடியிலிருந்து இறங்கிவந்த நாத்தனாரிடம் தான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போன கதையைச் சொன்னார். நாத்தனார் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஜாதி கிடையாது. அன்று கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, சமையலறைக்கு வந்து, "அண்ணி, இது மூணாம் பாகத்துல வர்றதுல்ல?" என்று மெதுவாகக் கேட்டாள். படிக்கவே இல்லை என்ற சத்தியம் அன்றோடு போயிற்று. இரண்டு பேரும் அதைப் பற்றிச் சிரிக்கவில்லை.

வீட்டில் டிக்கெட்டு என்ற கூப்பாடு நின்று போனதை அவள் ஒரு நாள் கவனித்தாள். "இந்தா", "யாரது", "அம்மா கொஞ்சம் தண்ணி" என்றெல்லாம் கூப்பிட்டார். அந்த ஒரு சொல்லை மட்டும் காணோம். அவள் வேண்டுமென்றே வெளியே போய்விட்டு வந்து கதவைத் தட்டுவாள், பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிடாதா என்று. வாசலில் நின்று காத்திருப்பாள். அவர் கதவைத் திறந்து, மரியாதையாக, "யார் வேணும்?" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் பதிப்பகத்திலிருந்து அழைப்பு வந்தது. பதிப்பாசிரியை சின்னப் பெண், மூச்சு விடாமல் பேசுவாள், கெட்டவள் இல்லை.

"அக்கா, அடுத்த பாகம் மறதிக் கத. கேப்டனுக்குத் தலைல பலமா அடி. எல்லாம் ஞாபகம் இருக்கு, டாக்டரம்மா மட்டும் ஞாபகம் இல்ல. அவ யாருன்னே தெரியாம, புதுசா பாக்குற மாதிரி, அவ மேலயே ஆசப்படுறான். செம ஹாட்டா வரும்க்கா."

"அவனுக்கு அவள யாருன்னே தெரியாதே. அப்ப அவ அதுக்கு ஒத்துக்கிறது சரியா?"

"அதுக்குத்தான் முன்பக்கத்துல எச்சரிக்கை போடுவோமே." அந்தப் பதிப்பகத்தில் ஒவ்வொரு நாவலின் முன்பக்கத்திலும் உள்ளே மனசைப் புண்படுத்தக்கூடியது என்னவெல்லாம் இருக்கிறது என்று போடுவது வழக்கம். வன்முறை, குடி, கருச்சிதைவு, இப்படி. "'நினைவிழந்தவருடன் நெருக்கம்'னு போட்டுடலாம். உண்மையச் சொல்லணும்னா, எச்சரிக்கையப் பாத்துத்தான் பாதிப் பேர் வாங்குறாங்க."

"அந்தப் பொண்ணுக்கு?"

"எந்தப் பொண்ணுக்கு?"

"டாக்டரம்மாவுக்கு. அவளுக்கு யாராச்சும் முன்னாடியே எச்சரிக்கை குடுப்பாங்களா?"

பதிப்பாசிரியை சிரித்தாள். அக்கா ஜோக் அடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். "முடிவு மட்டும் சந்தோஷமா இருக்கணும்க்கா. அவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்துடணும். அது இல்லன்னா நம்மள அடிக்க வந்துடுவாங்க."

எழுத மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மருந்துக்கும் வாடகைக்கும் வேறு வழி இல்லை என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடுகிற கடைசி அத்தியாயத்தை எழுதிப் பார்க்க அவளுக்கே ஆசையாக இருந்தது.

எழுதிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு சாயங்காலம், காய்ந்த துணிகளைக் கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். பின்னால் வந்து நின்று, அவள் இடுப்பில் கையை வைத்தார். எத்தனையோ நாளாக அவர் அவளைத் தொட்டதே இல்லை. குளிப்பாட்டும்போது அவள்தான் அவரைத் தொடுவாள். அவள் அசையாமல் நின்றாள். அவர் அவள் காதருகே சொன்னார், "உன் கையக் குடு. சில்லுனு இருக்கும்ல. எனக்கு ஒடம்பு பூரா எரியுது."

அது அவளுடைய வசனம். போன வெயில்காலத்தில், மின்விசிறி ஓடாத ஒரு மத்தியானம், அவளே உட்கார்ந்து எழுதியது. எழுதும்போது நல்ல வசனம் என்று திருப்திப்பட்டது. உடம்புக்கு வசனம் யாருடையது என்ற கணக்கெல்லாம் தெரியாது. அது திரும்பத்தான் பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டு டாக்டரம்மாவாக ஆகிவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். யாருக்கு என்ன நஷ்டம்? அவருக்குச் சந்தோஷம், அவளுக்கும் கொஞ்சம். ஆனால் அவருக்குத் தெரியாது, அவர் யாரைத் தொடுகிறார் என்று. அவளுக்குத் தெரியும். வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் கை சூடாகத்தான் இருந்தது.

"வேணாங்க. வீட்ல உங்க பொண்டாட்டி இருக்காங்க."

அவர் குழம்பிப்போய் அறையைச் சுற்றிப் பார்த்தார். "எனக்குப் பொண்டாட்டி கிடையாதே" என்றார். பொய் சொல்கிற முகமே இல்லை அது.

அன்றுதான் முடிவு செய்தாள். விற்பனைக்கு இல்லை என்று வைத்திருந்ததை எடுத்தாள். கடைசி அத்தியாயத்தில், டாக்டரம்மா படிக்கிற காலத்தில் செலவுக்காக டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்ததாகவும், கார்டை மறந்துவிட்டு வந்த கேப்டனைத் தன் ஆட்டத்துக்கே டிக்கெட் வாங்க வைத்ததாகவும் எழுதினாள். ஆட்டம் முடிந்து அவன் திரும்பி வந்து காசு கேட்பது, அவள் சிரிப்பது, அவன் அவளை டிக்கெட்டு என்று கூப்பிடுவது, எல்லாம். இரண்டு பெண்களையும் ஒரே ஆளாக ஆக்கிவிட்டாள். அவர் தலைக்குள் டாக்டரம்மா இருக்கிற அறைக்கு வழி இருக்கிறது. அந்த அறைக்குள்ளேயே டிக்கெட்டையும் கொண்டுபோய் நிறுத்திவிட்டால், பார்த்ததும் அடையாளம் தெரியாதா? கேப்டனுக்கு ஞாபகம் வருகிறபோது இவருக்கும் வராதா? நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "படிங்க அண்ணி. எனக்கென்னமோ வரும்னு தோணுது" என்றாள். அன்று மத்தியானம் அவள் வேண்டுமென்றே கீழே வரவில்லை.

சாப்பாடு முடிந்தது. தட்டும் டம்ளரும் மேஜையிலேயே கிடந்தன. கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தாள். அவர் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார். கேப்டன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடுகிறான். பழைய அரங்கம் நினைவுக்கு வருகிறது. கம்பிக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா உட்கார்ந்திருக்கிறாள். 'ஆடுறதா இருந்தாலும் பாடுறதா இருந்தாலும் டிக்கெட் வேணும்' என்கிறாள். 'அப்படின்னா முன்வரிசையில ஒண்ணு குடு' என்கிறான் கேப்டன்.

கரண்டி மேஜையில் தட்டியது.

அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

"என்னங்க? என்ன தப்பு?"

"முன்வரிச இல்ல" என்றார். குரல் தெளிவாக இருந்தது, பழைய குரல். "கடைசி வரிச. முன்வரிச தீந்துபோச்சுன்னு சொன்னா. பொய். ஆடும்போது பாத்தேன், முன்வரிச பாதி காலியா கெடந்துச்சு."

உண்மை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த ஆளின் தோரணை பிடிக்காமல் வீம்புக்கு அப்படிச் சொல்லிக் கடைசி வரிசை டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தவள் அவள்தான். அந்தப் பொய்யை அவரிடம் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. கல்யாணம் பண்ணி இத்தனை வருஷம், தெரிந்தும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். அவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"ஆமாங்க. பொய்தான். யாரு சொன்னா அந்தப் பொய்ய? சொல்லுங்க."

அவர் மறுபடி தட்டினார். "அதுவும் தப்பு. டாக்டரம்மா கவுண்டர்ல உட்காந்ததே இல்ல. அது வேற பொண்ணு."

"எந்தப் பொண்ணு?"

"டிக்கெட்டு" என்றார்.

எத்தனை நாள் கழித்து அந்தச் சொல். அவள் மேஜைமேல் கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் சங்கடம் தெரிந்தது.

"கோச்சுக்காத, டாக்டரம்மா. அதெல்லாம் உனக்கு முன்னாடி."

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அப்படியே வைத்திருந்தாள். "கோச்சுக்கல" என்றாள் கடைசியில். "அவ எப்படி இருப்பா?"

அவர் கரண்டியை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார். தட்டு, டம்ளர், வாணலி எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். தண்ணீரை முழுக்கத் திறந்துவிட்டார். பின்னாலிருந்து பார்த்தபோது அவர் காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன.

அவள் காகிதங்களை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். கேப்டனுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடுகிற பக்கம் இன்னும் படிக்காமல் இருந்தது. தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலாக, திரும்பாமலே, அவர் சொன்னார்.

"அவள எங்கயாச்சும் பாத்தா சொல்லு. ஆட்டம் முடிஞ்சதும் நான் திரும்பி வந்தேன்னு. கவுண்டர் மூடியிருந்துச்சு."

மூடியிருக்கவில்லை. அன்று எல்லோரும் போன பிறகும், விளக்கை அணைக்கச் சொல்லிக் காவல்காரர் இரண்டு தடவை சத்தம் போட்ட பிறகும், எண்ணி முடித்த சில்லறையை மறுபடி எண்ணிக்கொண்டு அவள் காத்திருந்தாள். அந்த ஆள் எப்படியும் அந்த வழியாகத்தான் வெளியே போவான் என்று காத்திருந்தாள்.

கரண்டி அவளுக்கு எட்டுகிற இடத்தில்தான் கிடந்தது. எடுத்தாள். ஒரு தட்டு தட்டினால் போதும், அவர் திரும்பி, என்ன தப்பு என்று கேட்பார். சொல்லலாம். கவுண்டர் திறந்திருந்தது, நீங்க வந்தீங்க, நான் சிரிச்சேன், கல்யாணம் ஆச்சு என்று ஒவ்வொன்றாகச் சொல்லலாம். சொன்னால், தனக்கு இருந்து இல்லாமல் போனது என்னவென்று அந்த மனிதர் ஈரக் கையோடு நின்று முதல்முறையாகக் கேட்க வேண்டியிருக்கும். நாளைக்கு மறந்துவிடுவார். நாளைக்கு மறுபடி சொல்ல வேண்டும்.

"சொல்றேன்" என்றாள்.

அவர் கழுவியதையே இன்னொரு தடவை கழுவினார். அவள் கூப்பிடவில்லை. பிறகு அவராகவே குழாயை மூடிவிட்டு வந்து, அவள் கையைப் பார்த்தார்.

"அந்தக் கரண்டியையும் குடு. கழுவி வெச்சுடுறேன்."

கொடுத்தாள்.